நேரம் பிரித்து அளக்கும் எலக்ட்ரான் நிறமாலையியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு படிகத்தின் மேல் லேசர் ஒளி பட்ட அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்பதை நேராகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சில ஆண்டுகளாக என் பொழுது அந்தக் கருவியோடுதான் போகிறது. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களும், வேறு துறை நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பள்ளியில் படித்த இயற்பியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

சுருக்கமாகச் சொன்னால் இது என்ன?

பொருளை ஒரு லேசர் துடிப்பால் கிளறிவிட வேண்டும். மிகக் குறுகிய இடைவெளி விட்டு இரண்டாவது துடிப்பை அனுப்பி, அந்தப் பொருளிலிருந்து எலக்ட்ரான்களை வெளியே எடுக்க வேண்டும். வெளியே வந்தவற்றின் ஆற்றலையும் திசையையும் அளக்க வேண்டும். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே இதைச் செய்தால், உள்ளே எது முதலில் மாறியது, எது பின்னால் மாறியது என்று வரிசை தெரிந்துவிடும். முதல் துடிப்பைப் பம்ப் என்றும் இரண்டாவதை ப்ரோப் என்றும் ஆய்வகத்தில் சொல்வோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

வெளியே வந்த எலக்ட்ரானை வைத்து உள்ளே நடப்பது எப்படித் தெரியும்?

ஒளி பட்டால் உலோகத்திலிருந்து மின்னூட்டம் வெளியேறும் என்பதற்கான முதல் தடயத்தை 1887-இல் ஹெர்ட்ஸ் கண்டார். அதற்கான கணக்கை 1905-இல் ஐன்ஸ்டைன் எழுதினார். கணக்கு எளிது. ஒளித்துகள் ஒன்று தன் ஆற்றல் முழுவதையும் ஒரே எலக்ட்ரானிடம் கொடுக்கிறது. அதில் ஒரு பகுதி, பொருளை விட்டு வெளியேறுவதற்கே செலவாகிறது. பல உலோகங்களில் இந்தச் செலவு 4 முதல் 5 எலக்ட்ரான் வோல்ட். இன்னொரு பகுதி, எலக்ட்ரான் உள்ளே எவ்வளவு ஆழமாகக் கட்டுண்டு இருந்ததோ அதை ஈடுகட்டப் போகிறது. மீதி இருப்பதுதான் அதன் வேகம். வேகத்தை அளந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், உள்ளே அது எந்த ஆற்றல் மட்டத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

இந்த அளவீட்டை மிகத் துல்லியமான கலையாக வளர்த்தவர் சுவீடனின் காய் சீக்பான். அதற்காக 1981-இல் நோபல் பரிசு பெற்றார்.

திசை இன்னொரு தகவலைத் தருகிறது. எலக்ட்ரான் எந்தக் கோணத்தில் வெளியேறியது என்பதிலிருந்து, படிகத்துக்குள் மேற்பரப்புக்கு இணையாக அதற்கு எவ்வளவு உந்தம் இருந்தது என்று கணக்கிடலாம். ஆற்றலை ஒரு அச்சிலும் உந்தத்தை இன்னொரு அச்சிலும் வைத்து வரைந்தால், பாடநூல்களில் வளைகோடுகளாகப் பார்த்த ஆற்றல் பட்டைகள் திரையில் வெளிச்சக் கோடுகளாகத் தோன்றும். காகிதத்தில் மட்டுமே பார்த்த வளைகோட்டை முதன்முதலில் டிடெக்டர் திரையில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கணக்கில் மட்டும் இருப்பது என்று நினைத்திருந்த ஒன்று, கண்ணெதிரே இருந்தது.

எவ்வளவு வேகமான மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மேலும் பத்தாகப் பிரித்தால் வருவது. அதாவது 10⁻¹⁵ நொடி. ஒரு நொடியில் பூமியை ஏழு சுற்றுக்கு மேல் சுற்றக்கூடிய ஒளி, ஒரு ஃபெம்டோ நொடியில் 0.3 மைக்ரோமீட்டர்தான் நகரும். இன்னொரு வகையில் சொன்னால், ஒரு நொடியோடு ஒப்பிட்டால் ஃபெம்டோ நொடி எப்படியோ, அப்படித்தான் சுமார் 3.2 கோடி ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஒரு நொடி.

எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதி ஆற்றலைப் பகிர்ந்துகொள்ள சில ஃபெம்டோ நொடியிலிருந்து சில நூறு ஃபெம்டோ நொடி வரை ஆகும். படிகத்தின் அணுக்கள் ஒருமுறை ஆடி முடிக்க பெரும்பாலும் நூறிலிருந்து ஆயிரம் ஃபெம்டோ நொடி. ஆயிரம் ஃபெம்டோ நொடி ஒரு பிக்கோ நொடி. எலக்ட்ரான்களின் நேரக்கணக்கும் அணுக்களின் நேரக்கணக்கும் இப்படி வேறுவேறாக இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் முக்கியமான பதில்கள் எல்லாம் அதைப் பிடித்துத்தான் போகின்றன.

அவ்வளவு வேகமான கேமரா இருக்கிறதா?

இல்லை, தேவையும் இல்லை. இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

வெளியே வரும் எலக்ட்ரான் டிடெக்டரைச் சேர எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். 1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் 590 கிலோமீட்டர் ஓடும். ஒரு மீட்டர் கடக்க அதற்கு 1.7 மைக்ரோ நொடி ஆகிறது. அதாவது 170 கோடி ஃபெம்டோ நொடி. நாம் பார்க்க விரும்பிய மாற்றம் எப்போதோ முடிந்து, பொருள் பழைய நிலைக்குத் திரும்பியே விட்டிருக்கும். ஆனால் அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. பொருளை விட்டுக் கிளம்பிய அந்தக் கணத்திலேயே எலக்ட்ரானின் ஆற்றலும் திசையும் பதிந்துவிட்டன. தபால் எத்தனை நாள் கழித்து வந்தாலும் உறை மேல் இருக்கும் முத்திரைத் தேதி மாறாது அல்லவா, அதுபோல.

அந்தத் தேதியை முடிவு செய்வது பம்புக்கும் ப்ரோபுக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளியை நாங்கள் கடிகாரத்தால் அளப்பதில்லை, நீளத்தால் அளக்கிறோம். ஒரே லேசர் துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நகரும் மேடை மேல் இருக்கும் கண்ணாடிகள் வழியாகச் சுற்றி அனுப்புவோம். இதற்கு டிலே ஸ்டேஜ் என்று பெயர். மேடையை 1 மைக்ரோமீட்டர் பின்னால் தள்ளினால், ஒளி போகவும் வரவும் சேர்த்து 2 மைக்ரோமீட்டர் கூடுதலாகப் பயணிக்கும். அதற்கு ஆகும் நேரம் சுமார் 6.7 ஃபெம்டோ நொடி. மைக்ரோமீட்டர் அளவில் ஒரு மேடையை நகர்த்துவது இன்று சாதாரண விஷயம். ஃபெம்டோ நொடியை அளப்பது இப்படித்தான் கைக்கெட்டும் வேலையாகிறது.

வேதிவினைகளை இதே பம்ப்-ப்ரோப் வழியில் பார்த்ததற்காக அஹ்மத் ஸெவெய்ல் 1999-இல் வேதியியல் நோபல் பெற்றார். அங்கே மூலக்கூறுகளின் பிணைப்பு உடைவதைப் பார்த்தார்கள். இங்கே திண்மப் பொருளின் எலக்ட்ரான்களைப் பார்க்கிறோம்.

ஒரே தடவையில் முழுப் படமும் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. ஒரு துடிப்புக்குச் சராசரியாக ஒன்றிரண்டு எலக்ட்ரான்களைத்தான் டிடெக்டரில் எண்ணுகிறோம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் வேறு சிக்கல் வரும். ஒரே நேரத்தில் நிறைய எலக்ட்ரான்கள் மேற்பரப்பை விட்டுக் கிளம்பினால், எல்லாம் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் வழியிலேயே ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். வேகம் மாறிவிடும், படம் மங்கிவிடும். இதை ஸ்பேஸ் சார்ஜ் என்பார்கள். ப்ரோப் மட்டும் இல்லை, பம்பை அதிகம் கூட்டினாலும் அது தன் பங்குக்கு எலக்ட்ரான்களை மேற்பரப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அதே தொல்லையைக் கொடுக்கும்.

அதனால் துடிப்பின் வலுவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவோம். நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு எலக்ட்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் 3 கோடி எலக்ட்ரான்கள் சேரும். அது ஓர் இடைவெளிக்கான படம். நூறு இடைவெளிகள் வேண்டும் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஒவ்வொரு பம்புக்கும் பொருள் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அடுத்த பம்ப் வருவதற்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்ப முடியாமல் உருகுகிற, உடைகிற மாற்றங்களை இந்த வழியில் அளக்க முடியாது.

ஆய்வகத்தில் ஒரு அளவீடு எப்படித் தொடங்கும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டுரைகளில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

படிகத் துண்டு சில மில்லிமீட்டர் இருக்கும். அதை ஒரு சிறு தகட்டில் ஒட்டி, அதன் தலையில் பீங்கான் குச்சி ஒன்றைப் பசை வைத்து நிறுத்துவோம். பசை இறுகியதும் வெற்றிட அறைக்குள் அனுப்புவோம். உள்ளே அழுத்தம் 10⁻¹⁰ மில்லிபார் அளவுக்கு இறங்கியதும், வெளியிலிருந்து இயக்கும் கம்பியால் அந்தக் குச்சியை ஒரு தட்டு தட்ட வேண்டும். குச்சி விழும்போது படிகத்தின் மேல் அடுக்கையும் உரித்துக்கொண்டு விழும். அடியிலிருந்து காற்றே படாத புதிய முகம் வெளிவரும். நன்றாக உரிந்திருந்தால் கண்ணாடிபோல் பளிச்சென்று இருக்கும். சரியாக உரியாவிட்டால் படிக்கட்டுபோல் மடிப்பு மடிப்பாகத் தெரியும். அப்புறம் அடுத்த துண்டுதான்.

ஏன் இவ்வளவு பாடு? வெளியே வரும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டருக்குள் இருந்துதான் வருகின்றன. அதற்குக் கீழே இருப்பவை வழியில் மோதி ஆற்றலை இழந்துவிடும். ஒரு நானோமீட்டர் என்றால் சில அணு அடுக்குகள்தான். அதன் மேல் ஒரே ஒரு அடுக்கு வாயு படிந்தாலும் படம் கெட்டுவிடும். 10⁻⁶ மில்லிபார் அழுத்தத்தில், மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால், சில நொடியில் ஓர் அடுக்கு மூடிவிடும். 10⁻¹⁰-இல் சில மணி நேரம் தாங்கும். எட்டு மணி நேர அளவீடு என்று மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள், நேரத்தோடு எப்படிப் போட்டி போடுகிறோம் என்று புரியும்.

அடுத்தது டைம் ஸீரோ. பம்பும் ப்ரோபும் சரியாக ஒரே கணத்தில் வந்து சேரும் மேடை நிலையைத்தான் அப்படிச் சொல்வோம். இரண்டு கற்றைகளும் மேசை மேல் வெவ்வேறு வழிகளில் பல மீட்டர் ஓடி வருகின்றன. முதலில் சாம்பிள் இருக்கும் இடத்தில் ஒளிரும் தகடு ஒன்றை வைத்து, இரண்டு புள்ளிகளும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பார்ப்போம். பிறகு வேகமான ஃபோட்டோடையோடு வைத்து ஆசிலோஸ்கோப்பில் இரண்டு முகடுகளையும் நெருக்கிக்கொண்டு வருவோம். அதில் நூறு பிக்கோ நொடி அளவுக்குத்தான் தெளிவு கிடைக்கும், அதாவது பாதையில் 3 சென்டிமீட்டர். மிச்சத்தை எலக்ட்ரான்களை வைத்தே தேட வேண்டும். கிராஃபைட் போன்ற பொருளை வைத்து, மேடையைச் சிறு சிறு அடியாக நகர்த்திக்கொண்டு, வெறுமையாக இருக்க வேண்டிய உயர் ஆற்றல் பகுதியையே பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே திடீரென்று மெல்லிய புகைபோல வெளிச்சம் எழும். அதுதான் பூஜ்யம். ஒருமுறை இரண்டு நாள் தேடியும் அந்தப் புகை எழவில்லை. பாதை நீளத்தை டேப் வைத்து மறுபடி அளந்தபோதுதான், ஒரு கண்ணாடியை இடம் மாற்றியதில் 15 சென்டிமீட்டர் கூடியிருந்தது தெரிந்தது. 15 சென்டிமீட்டர் என்றால் அரை நானோ நொடி, ஐந்து லட்சம் ஃபெம்டோ நொடி.

ப்ரோபுக்கு எந்த மாதிரி ஒளி வேண்டும்?

எலக்ட்ரான் வெளியேறவே 4 அல்லது 5 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது என்பதால் புறஊதா ஒளி வேண்டும். டைட்டானியம் சபையர் லேசர் தரும் 800 நானோமீட்டர் ஒளியின் ஒரு துகளில் 1.55 எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கிறது. சிறப்புப் படிகங்கள் வழியாக அதன் அதிர்வெண்ணை இருமுறை இரட்டிப்பாக்கினால் 200 நானோமீட்டர், 6.2 எலக்ட்ரான் வோல்ட் வரும். மேசை மேலேயே முடிந்துவிடும், ஆற்றல் தெளிவும் நன்றாக இருக்கும்.

குறை ஒன்று உண்டு. 6 எலக்ட்ரான் வோல்ட் ஒளியால் வெளிவரும் எலக்ட்ரானுக்கு மிச்ச ஆற்றல் குறைவு. அதனால் உந்த வரைபடத்தின் நடுப்பகுதி மட்டும்தான் எட்டும். கிராஃபீனில் சுவையான விஷயங்கள் எல்லாம் வரைபடத்தின் ஓரத்தில், மூலைகளில் நடக்கின்றன. அங்கே போக 20 எலக்ட்ரான் வோல்ட்டோ அதற்கு மேலோ வேண்டும். அதற்கு வலுவான லேசர் துடிப்பை ஆர்கான் போன்ற வாயுவில் குவிப்பார்கள். லேசரின் மின்புலம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, ஓடவிட்டு, திரும்ப அணுவிடமே மோதவிடும். அந்த மோதலில் மூல ஒளியைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்ட புறஊதா ஒளி பிறக்கும். உயர் ஹார்மோனிக் என்று சொல்வது இதைத்தான். ஆன் லுலியே 1980-களின் இறுதியில் தொடங்கிய இந்த வழிதான் அவரை 2023 நோபல் வரை கொண்டுசென்றது. அவ்வளவு வலுவான துடிப்பைக் கருவி சேதமாகாமல் உருவாக்கும் வழியை 1985-இல் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார் மூருவும் காட்டினார்கள். துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டி, பெருக்கி, பிறகு சுருக்குவது அவர்கள் முறை. அதற்கு 2018-இல் நோபல்.

இன்னும் அதிக ஆற்றல் வேண்டும் என்றால் ஜெர்மனியின் ஹாம்பர்கில் இருக்கும் ஃபிளாஷ் போன்ற கட்டற்ற எலக்ட்ரான் லேசர்கள் இருக்கின்றன.

நேரத்தையும் ஆற்றலையும் ஒரே சமயத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கூர்மையாக அளக்கலாமா?

முடியாது. இது கருவியின் குறை இல்லை, அலைகளின் இயல்பு. துடிப்பு குறுகக் குறுக அதில் கலந்திருக்கும் நிறங்கள் கூடும். துடிப்பின் நீளத்தையும் அதன் ஆற்றல் பரவலையும் பெருக்கினால் 1.8 எலக்ட்ரான் வோல்ட்-ஃபெம்டோ நொடி அளவுக்குக் கீழே போகாது. 20 மில்லி எலக்ட்ரான் வோல்ட் நுணுக்கம் வேண்டுமா, துடிப்பு 90 ஃபெம்டோ நொடியாவது நீளமாக இருக்க வேண்டும். 10 ஃபெம்டோ நொடி வேண்டுமா, ஆற்றலில் 180 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மங்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கேள்விக்கு எது தேவை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டுதான் லேசரை அமைக்க வேண்டும். மீக்கடத்தியின் சிறு ஆற்றல் இடைவெளியைப் பார்க்க வருபவருக்கும், எலக்ட்ரான்கள் சிதறும் வேகத்தைப் பார்க்க வருபவருக்கும் ஒரே லேசர் சரிவராது.

லேசர் பட்டால் சூடாகிவிடும். வெறும் சூட்டைத்தான் அளக்கிறீர்களா?

நல்ல கேள்வி. எது சூடாகிறது என்று கேட்டால் விடை பிடிபடும்.

உலோகத்தில் எலக்ட்ரான்களின் வெப்பக் கொள்ளளவு மிகக் குறைவு. அறை வெப்பநிலையில் தங்கம், செம்பு போன்றவற்றில் அணுக்கள் பிடித்து வைக்கும் வெப்பத்தில் அது நூறில் ஒரு பங்கு அளவுதான். பம்பின் ஆற்றல் முதலில் எலக்ட்ரான்களிடம்தான் போகிறது. ஆகவே அவை சில ஆயிரம் கெல்வின் வரை ஏறும்போதும் அணுக்கள் ஏறக்குறைய பழைய குளிர்ச்சியிலேயே இருக்கும். பிறகு ஒரு பிக்கோ நொடி, சில பிக்கோ நொடியில் அந்தச் சூடு அணுக்களுக்கு இறங்கும். ஒரே துண்டுப் பொருளுக்குள், ஒரே இடத்தில், இரண்டு வெப்பநிலைகள்.

அதைவிட வியப்பு, முதல் சில நூறு ஃபெம்டோ நொடிகளில் எலக்ட்ரான்களுக்கு வெப்பநிலை என்ற ஒன்றே இருப்பதில்லை. 1992-இல் மெல்லிய தங்கப் படலங்களில் நடந்த அளவீடுகள் இதைக் காட்டின. பம்ப் பட்டவுடன் எலக்ட்ரான்களின் பரவல், எந்த வெப்பநிலைக்கும் உரிய ஃபெர்மி-டிராக் வளைவோடு (ஒரு வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் ஆற்றல் மட்டங்களை எப்படி நிரப்பும் என்று காட்டும் வளைவு) பொருந்தவில்லை. ஒரு பெரிய கூட்டம் பழையபடி குளிர்ந்து கிடக்க, சிறு கூட்டம் மட்டும் உயரத்தில் நிற்கிறது. அவை ஒன்றோடொன்று மோதி மோதித்தான் பிறகு ஒரு பொது வெப்பநிலைக்கு வருகின்றன. தெர்மாமீட்டர் வைத்தால் என்ன காட்டும் என்று கேட்கவே முடியாத நேரம் அது.

இதனால் புதிதாக என்னதான் தெரிந்தது? வேறு வழியில் தெரியாததா?

என் மனதுக்கு மிக நெருக்கமான விடை டான்டலம் டைசல்ஃபைடு. அடுக்கடுக்கான படிகம். சுமார் 180 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடக்கின்றன. டான்டலம் அணுக்கள் பதின்மூன்று பதின்மூன்றாகக் கூடி நட்சத்திர வடிவத்தில் நெருங்கிக்கொள்கின்றன. மின்சாரமும் ஓட மறுக்கிறது, ஏனென்றால் எலக்ட்ரான் மட்டங்களுக்கு நடுவே ஒரு ஆற்றல் இடைவெளி திறந்துவிடுகிறது. இதில் எது காரணம், எது விளைவு? அணுக்கள் நெருங்கியதால்தான் இடைவெளி வந்ததா? எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு ஆளுக்கொரு நட்சத்திரத்தில் உட்கார்ந்துவிட்டதால் வந்ததா? மெதுவாகக் குளிர்வித்து எத்தனை முறை பார்த்தாலும் இரண்டும் கைகோத்தே வருகின்றன. பிரித்துப் பார்க்க வழியில்லை.

நேரம் பிரித்துக் காட்டியது. அந்த நட்சத்திரங்கள் சேர்ந்து சுருங்கி விரியும் ஆட்டம் ஒருமுறை முடிய சுமார் 400 ஃபெம்டோ நொடி ஆகிறது. அணுக்கள்தான் இடைவெளியைத் தாங்கிப் பிடிக்கின்றன என்றால், அவை நகர்ந்த பிறகே அது மூடும். அதற்குப் பாதி ஆட்டமாவது, 200 ஃபெம்டோ நொடியாவது ஆக வேண்டும். 2006-இல் வெளிவந்த அளவீட்டில், பம்ப் பட்டு 100 ஃபெம்டோ நொடிக்குள்ளேயே இடைவெளி மூடிப்போனது. அணுக்கள் அப்போதுதான் கிளம்பவே ஆரம்பித்திருக்கின்றன. ஆகவே அந்த இடைவெளியைப் பிடித்து வைத்திருந்தது முதன்மையாக எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கம். பின்னால் அணுக்கள் ஆடியபோது, அந்த ஆட்டத்துக்கு ஏற்ப எலக்ட்ரான் மட்டங்களும் ஏறி இறங்கின. அதுவும் அதே அளவீட்டில் தெரிந்தது.

இதைப் பொதுவான சோதனையாகவே மாற்றிவிட்டார்கள். 2012-இல், இதே குடும்பத்தைச் சேர்ந்த பல படிகங்களில் இடைவெளி மூட எடுக்கும் நேரத்தை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. எலக்ட்ரான் விலக்கத்தால் வந்த இடைவெளி மிக வேகமாக மூடுகிறது. எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) ஜோடி சேர்வதால் வந்தது என்று கருதப்படுவது அடுத்த வரிசை. அணுக்களின் நகர்வால் வந்தது எல்லாவற்றுக்கும் பின்னால். வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் மூன்று நோய்களை, குணமாகும் நாளை வைத்துப் பிரித்தறிவதுபோல் இது. நடு வரிசையில் வரும் டைட்டானியம் டைசெலினைடு பற்றிய வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. அதில் ஜோடி சேர்தலுக்கு எவ்வளவு பங்கு, அணு நகர்வுக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் விவாதிக்கிறார்கள். நான் அணுக்களுக்கும் கணிசமான பங்கு உண்டு என்ற பக்கம்.

அணுக்கள் அசைவதையும் இதிலேயே பார்க்க முடியுமா?

நேராக முடியாது. அணுக்களின் அசைவால் ஆற்றல் பட்டைகள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். அணு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தெரிய எக்ஸ்ரே விளிம்பு விலகல் வேண்டும். இரும்பு செலினைடில் இரண்டையும் சேர்த்துச் செய்து 2017-இல் வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் அருகே உள்ள எக்ஸ்ரே லேசரில் செலினியம் அணுக்களின் நகர்வை அளந்தார்கள், எலக்ட்ரான் நிறமாலையில் பட்டைகளின் நகர்வை அளந்தார்கள். இரண்டும் நொடிக்கு 5.3 லட்சம் கோடி முறை ஒரே தாளத்தில் ஆடின. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால், அணு இவ்வளவு நகர்ந்தால் எலக்ட்ரான் மட்டம் இவ்வளவு மாறும் என்ற எண், எந்தக் கோட்பாட்டையும் கடன் வாங்காமல், நேரடியாகக் கிடைக்கிறது.

ஒளி பொருளையே மாற்றும் என்கிறார்களே?

ஆம், துடிப்பு இருக்கும் வரை. ஒளியின் மின்புலம் சீரான தாளத்தில் எலக்ட்ரான்களை ஆட்டும்போது, அசல் பட்டையின் நகல்கள் ஒரு ஒளித்துகள் ஆற்றல் மேலேயும் கீழேயும் தோன்றும். இவற்றை ஃபுளோகே-பிளாக் நிலைகள் என்பார்கள். 2013-இல் எம்.ஐ.டி. குழு பிஸ்மத் செலினைடின் மேற்பரப்பில் இவற்றைப் படம்பிடித்தது. பம்பாக எடுத்துக்கொண்டது 120 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அகச்சிவப்பு ஒளி. துடிப்பு கடந்ததும் நகல்களும் மறைந்துவிடும்.

இருண்ட எக்ஸிட்டான் என்றால் என்ன? அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குறைகடத்தியில் ஒளி பட்டால் எலக்ட்ரான் மேலே போகும், கீழே ஒரு துளை விழும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஜோடியாகத் திரிவதுதான் எக்ஸிட்டான். எலக்ட்ரானுக்கும் துளைக்கும் உந்தம் பொருந்தாவிட்டால் அந்த ஜோடி ஒளியை நேராக உள்வாங்கவும் முடியாது, வெளியிடவும் முடியாது. அதனால்தான் இருண்டது. ஒளியை மட்டும் வைத்து அளப்பவர்களுக்கு அது கண்ணிலேயே நேரடியாகப் படாது. எலக்ட்ரானையே வெளியே இழுத்து உந்தம் என்ன என்று கேட்கும் நம் முறைக்கு அந்தத் தடை இல்லை. 2020-இல் ஜப்பானின் ஒகினாவாவில் கேசவ் தானியின் குழு, ஓர் அடுக்கே உள்ள டங்ஸ்டன் டைசெலினைடில் இவற்றை நேரடியாகக் கண்டது. அடுத்த தலைமுறை சூரிய மின்கலம், ஒளி உணரி என்று இந்த மெல்லிய பொருள்களை வைத்துத் திட்டமிடுபவர்களுக்கு, உள்வாங்கிய ஆற்றல் எந்த இருட்டு மூலையில் போய்ச் சேர்கிறது என்று தெரிவது அவசியம்.

அட்டோ நொடி?

ஃபெம்டோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2007-இல் டங்ஸ்டனில் செய்த அளவீட்டில், உள் மட்ட எலக்ட்ரான்கள் கடத்துப் பட்டை எலக்ட்ரான்களைவிட சுமார் 100 அட்டோ நொடி தாமதமாக மேற்பரப்பைத் தாண்டின. ஒளி பட்டதும் எலக்ட்ரான் உடனே வெளியே வந்துவிடுகிறது என்று பாடத்தில் படித்தோமே, அந்த உடனேக்கும் ஒரு நீளம் உண்டு.

எந்தப் பொருளையும் இதில் வைக்கலாமா?

வைக்க முடியாது. மின்காப்புப் பொருள் எலக்ட்ரானை இழக்க இழக்க நேர்மின்னூட்டம் ஏறி, அளவீட்டையே கோணலாக்கும். திரவம், ஈரமான உயிர்ப்பொருள் போன்றவை இந்த வெற்றிடத்தில் தனி ஏற்பாடு இல்லாமல் நிற்காது. மேற்பரப்பு தட்டையாகவும் சுத்தமாகவும் கிடைக்கும் படிகங்கள்தான் இதற்கு ஏற்றவை. அடுக்குப் படிகங்கள் பற்றி இவ்வளவு ஆய்வுகள் வருவதற்கு அவை சுவையானவை என்பது பாதிக் காரணம். நன்றாக உரியும் என்பது மீதிக் காரணம்.

கட்டுரைகளில் வரும் சிவப்பு-நீலப் படங்களை எப்படிப் படிப்பது?

பம்புக்குப் பின் எடுத்த படத்திலிருந்து முன் எடுத்த படத்தைக் கழித்தது அது. பெரும்பாலும் சிவப்பு என்றால் எலக்ட்ரான் கூடிய இடம், நீலம் என்றால் குறைந்த இடம். ஃபெர்மி மட்டத்துக்கு (குளிர்ந்த பொருளில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல் எல்லை) மேலே சிவப்பும் கீழே நீலமும் இருந்தால் எலக்ட்ரான்கள் மேலே ஏறியிருக்கின்றன என்று படிக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். பட்டை இடம் பெயர்ந்தாலும், வெறுமனே அகலமானாலும் சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். கழிக்காத படத்தையும் தேடிப் பாருங்கள். அது இல்லாத கட்டுரையை நான் கொஞ்சம் நிதானித்துத்தான் நம்புவேன்.

பம்ப் வருவதற்கு முன்பே சிக்னல் தெரிகிறதே, எப்படி?

பதற வேண்டாம், இது எல்லோருக்கும் முதல் வாரத்தில் வரும். பம்புக்கும் ப்ரோபுக்கும் உள்ள இடைவெளி எதிர்க்குறியில் இருக்கும்போது புறஊதாத் துடிப்பு முதலில் வருகிறது. அது சில எலக்ட்ரான்களை மேற்பரப்புக்குச் சற்று வெளியே மிதக்கும் நிலைகளில் ஏற்றிவிடும். பின்னால் வரும் அகச்சிவப்புத் துடிப்பு அவற்றை வெளியே தள்ளும். பம்பும் ப்ரோபும் வேலையை மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான். அந்தச் சிக்னல் எதிர்ப்பக்கமாகத் தேய்ந்துகொண்டு போகும், அதை வைத்து அடையாளம் காணலாம்.

புதிதாகச் சேர்பவர் முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

தங்கத்தில். பம்பே இல்லாமல், ஃபெர்மி விளிம்பை மட்டும் அளந்து, அதற்கு ஒரு வளைவைப் பொருத்துங்கள். அறை வெப்பநிலையில் அந்த விளிம்பு சுமார் 0.1 எலக்ட்ரான் வோல்ட் அகலத்தில் சரியும். உங்களுக்கு அதைவிட எவ்வளவு அகலமாக வருகிறதோ அந்தக் கூடுதல் உங்கள் கருவியுடையது. ப்ரோபின் வலுவைப் பாதியாக்கி மறுபடி அளங்கள். விளிம்பு நகர்ந்தால் ஸ்பேஸ் சார்ஜ் இருக்கிறது. நகராத வரை குறையுங்கள். அதன் பிறகு பம்பைத் திறக்கலாம்.